நான்காவது மூலை

செப்பனுக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தெரியாது. பத்திரிகைக்காரர்கள் அதைப் பற்றி எழுதும்போதெல்லாம் ‘கற்பனை வளம் மிக்க கணினி’ என்று எழுதிவிடுவார்கள். துளசிமணிக்குச் சிரிப்பு வரும். யாரோ எப்போதோ செய்து வைத்த ஒரு பொருளின் வரைபடத்தை அதற்குக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு சின்ன இடத்தை மாற்றிப் பார்க்கும். பழையதைவிட நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் தூக்கிப் போடும். பிறகு இன்னொரு இடம். மருமகளின் சமையலறைக்குள் நுழைந்த மாமியாரைப் போல, சலிக்காமல் ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டே இருக்கும்.

கோயம்புத்தூரில், பீளமேட்டைத் தாண்டி, முன்பு பம்ப் செட்டுகள் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியில் துளசிமணி டிசைன் பிரிவுக்குத் தலைவி. குள்ளமான உருவம், வேகமான நடை, அதிகம் பேசாதவள். ‘செப்பன் அந்த அக்காவோட பிள்ளை’ என்று தொழிற்கூடத்து ஆட்கள் கிண்டல் செய்வார்கள். அவளுக்கு வேறு பிள்ளை இல்லை என்பதால் அந்தக் கிண்டலை அவள் ரசித்தது கிடையாது.

‘நன்றாக’ என்றால் என்ன என்று செப்பனுக்கு மனிதர்கள்தான் சொல்லித்தர வேண்டும். ஆரம்பத்தில் மூன்று அளவுகள் கொடுத்திருந்தார்கள். எடை குறைய வேண்டும், விலை குறைய வேண்டும், கரண்டு குறைய வேண்டும். நான்காவதாக ஓர் அளவைச் சேர்த்தது துளசிமணி. அதன் பெயர் ‘ஆள்’. அந்தப் பொருளைக் கையாள எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு. அதுவும் குறைய வேண்டும்.

அதைச் சேர்த்ததற்குக் காரணம் அவள் கணவர் கனகராசு.

அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற கனம். காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, பொழுது சாயும்போது நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு என்று மாற்ற வேண்டும். அவள் ஒருத்தியால் முடியாது. பால்கனிக்குப் போய் மேல்மாடியைப் பார்த்து, “அண்ணா, ஒரு கை புடிங்க” என்பாள்.

அந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு அப்போது ஒரு மரியாதை இருந்தது. தெருவில் போகிறவரிடம் சொன்னால்கூட, பையைக் கீழே வைத்துவிட்டு வந்து பிடிப்பார். பீரோவை மாடிக்கு ஏற்றுவதாக இருக்கும், பள்ளத்தில் மாட்டிய ஆட்டோவாக இருக்கும். முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பிடித்து முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள்.

மேல்மாடியில் வெள்ளிங்கிரி இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகன் கனடாவில். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வருவார். கனகராசுவின் அக்குளில் கையைக் கொடுத்து, “எல்லாரும் உள்ள போங்க, படியில நிக்காதீங்க” என்பார். நாற்காலியில் உட்கார வைத்ததும், “போலாம், ரைட்” என்று அதன் முதுகில் ஒரு தட்டு. கனகராசுவின் கோணல் வாய் சிரிக்கும். அப்புறம் இருவரும் காப்பி குடித்துக்கொண்டு அரசியல் பேசுவார்கள். கனகராசுவுக்குப் பேச்சு குழறும். வெள்ளிங்கிரி மட்டும் எல்லாம் புரிந்த மாதிரி எதிர்த்து வாதாடுவார்.

ஒருநாள் அவர் படியேறிப் போவதைத் துளசிமணி பார்த்தாள். இடுப்பில் கையை ஊன்றி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார்.

“முதுகு வலிங்களாண்ணா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங் அம்மணி. பஸ்ஸுல நின்ன ஒடம்பு, உக்காந்தாத்தான் வலிக்கும்.”

அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. யாரிடமும் எதையும் கேட்டு வளர்ந்தவள் இல்லை அவள். ஒரு பெரிய மனுஷரைத் தினம் இரண்டு தடவை கூப்பிட்டு வேலை வாங்குகிறோமே என்று அன்று முழுக்கப் புழுங்கினாள். மறுநாள் அலுவலகம் போனதும் செப்பனின் அளவுகளில் ‘ஆள்’ என்று சேர்த்தாள்.

வெள்ளிங்கிரியிடமே அதை விளக்கவும் செய்தாள்.

“அதென்னுங் அம்மணி, அந்த மிசினு எப்படி யோசிக்குது?”

“யோசிக்கறதெல்லாம் இல்லீங்கண்ணா. உங்க பஸ்ஸையே எடுத்துக்குங்க. டீசல் கம்மியாகோணும்னு சொன்னோம்னா, ஒரு சீட்டைக் கழட்டிப் பாக்கும். டீசல் கொறஞ்சுதா? சரி, அந்த சீட்டு வேண்டாம்னு முடிவு பண்ணிரும். அடுத்த சீட்டுக்குப் போயிரும்.”

“நிக்கறவன் திட்டுவானேங்.”

“அவன் திட்டறதையும் ஒரு அளவா நாம எழுதிக் குடுத்தாத்தான் அதுக்குத் தெரியும். எழுதாததை அது பாக்காதுங்க.”

வெள்ளிங்கிரி காப்பியை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “இப்ப ஆளு கொறயோணும்னு எழுதிக் குடுத்திருக்கறீங்க. அப்ப மொதல்ல கண்டக்டரத்தான் எறக்கி உட்டுரும்.”

கனகராசு சிரித்தார். துளசிமணியும் சிரித்தாள். 

செப்பன் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் நோயாளி தூக்கும் கருவி ஒன்றிலிருந்து தொடங்கியது. பழைய கருவிக்கு இரண்டு பேர் வேண்டும். பட்டையை அகலமாக்கியது, கம்பியை வளைத்தது, எடையை ஒரு பக்கம் ஒதுக்கியது. மாற்றி மாற்றி, கடைசியில் ஒல்லியான ஒரு பெண்பிள்ளை ஒற்றைக் கையால் இயக்கும்படி ஒன்று வந்து நின்றது. அடியில் நாலு சக்கரம். மடித்தால் கதவுக்குப் பின்னால் அடங்கிவிடும். வீட்டில் அதற்குத் ‘தூக்கி’ என்று பெயர் வைத்தாள்.

முதல் நாள் காலையில் அவள் தனியாகக் கனகராசுவைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள். பெருமையாக இருந்தது. வழக்கமான நேரத்துக்கு வெள்ளிங்கிரி வந்து வாசலில் நின்றார். லுங்கி மடித்துக் கட்டியிருந்தது.

“நல்லா வேலை செய்யுதுங் அம்மணி” என்றார். மடித்த லுங்கியை அவிழ்த்து விட்டுக்கொண்டார்.

காப்பி குடித்தார். மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாள், பேப்பர் கேட்கிற சாக்கில் வந்தார். அப்புறம் நின்றுவிட்டார். வேலை இல்லாத வீட்டுக்கு எதைச் சொல்லிக்கொண்டு வருவது? கூப்பிட்டால் வருவார். ஆனால் கூப்பிட ஒரு காரணமும் அவள் வீட்டில் மிச்சமில்லை.

கனகராசு தினமும் காலையில் கண்ணை வாசல் பக்கம் திருப்பி, “வெள்ளி… வல்லியா?” என்று கேட்பார்.

“இனி அவரு எதுக்குங்க? தூக்கி இருக்குதில்ல” என்பாள் அவள்.

அவர் கேட்டதன் அர்த்தம் அவளுக்கு அப்போது எட்டவில்லை. அடுத்த வருடம் அவர் போய்விட்டார். நாலு பேர் தூக்கினார்கள், தலைப் பக்கம் வெள்ளிங்கிரி. பெண்கள் வாசல் கேட்டோடு நின்றுவிட வேண்டும் என்ற முறைப்படி துளசிமணி கேட்டோடு நின்றாள். பாடை கேட்டைத் தாண்டும்போது, “போலாம், ரைட்” என்று அவர் மெதுவாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது.

தூக்கி பேயாக விற்றது. படுத்த படுக்கையாகக் கிடந்த கணவர்களை, மாமனார்களை, தாய்மார்களைத் தனி ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அவளுக்கு ஃபோன் செய்து அழுதார்கள். அந்த அழுகையெல்லாம் உண்மை, அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. கம்பெனி பம்ப் செட்டுகளை விட்டுவிட்டு, ‘ஆள்’ அளவை வைத்துக்கொண்டு கிடைத்ததையெல்லாம் திருத்த ஆரம்பித்தது. ஒருத்தரே ஏற்றி இறக்கும் பீரோ. ஒருத்தரே போடும் பந்தல். ஒருத்தரே கட்டும் தார்ப்பாய், ஒருத்தரே பிடித்து விரிக்கும் ஜமுக்காளம். மற்ற கம்பெனிகளும் அந்த அளவைப் பிடித்துக்கொண்டன. எல்லாம் நல்ல பொருள்தான், ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியாது.

எப்போது என்று யாருக்கும் தெரியாமல், ‘ஒரு கை புடிங்க’ என்ற பேச்சு ஊரில் நின்றுபோயிற்று. கேட்பதற்கு அவசியமே இல்லாமல் போனதால் கேட்பதே அசிங்கம் என்றாயிற்று. துளசிமணி இருந்தது லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடிக் குடியிருப்பு. படியில் யாராவது எதிரில் வந்தால் சுவரோடு ஒதுங்கிக்கொண்டு போனார்கள். அவள் வீட்டுத் தூக்கி கதவுக்குப் பின்னால் மடிந்து நின்றது. யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று நினைப்பாள். வெளியே எடுத்துப் போவது ஒருத்தர் வேலைதான், என்றைக்கு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அதனாலேயே அது அங்கேயே நின்றது.

ராத்திரிகளில் மேல்மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். ஏறிப் போய்ப் பார்க்கலாம். என்ன வேலையாக வந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று இருந்துவிடுவாள்.

இந்த நிலையில்தான் தரணிதரன் ஒருநாள் அவள் அறைக்கு வந்தான். கம்பெனி நிறுவனரின் மகன், இப்போது அவன்தான் நிர்வாகம். நல்லவன்தான். அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவான்.

“அக்கா, மயான சேவைக்காரங்க கேக்கறாங்க. பாடைக்கு ஒண்ணு செஞ்சு குடுக்கோணும்.”

அவள் கையிலிருந்த பேனாவை வைத்தாள். “பாடைக்கா?”

“ஃப்ளாட்டுகள்ல நாலு பேரு கெடைக்கறதில்லீங்கக்கா. வண்டி டிரைவர் ஒருத்தர் தனியா வர்றாரு. போன மாசம் ஒரு அம்மா, இறக்க ஆளில்லாம ரெண்டு நாள் வீட்டுக்குள்ளயே கெடந்திருக்காங்க. அது எவ்வளவு பெரிய கொடுமை.”

“கொடுமைதான்.”

“ஒரே ஆளு. மாடிப்படி எறங்கோணும். மரியாதையா இருக்கோணும். பேரு கூட வெச்சுட்டேன். ‘துணை’.”

மறுக்க அவளிடம் ஒரு காரணமும் இல்லை. அந்த அம்மா கிடந்தது நிஜம். நாளைக்கு அந்த அம்மா அவளாகவே இருக்கலாம், அதுவும் நிஜம். தான் போகும்போது யார் தூக்குவார்கள் என்று அவள் சில சமயம் யோசித்ததுண்டு. ஒரு பெயர்கூட வராமல் எழுந்து போய் விளக்கை அணைத்துவிடுவாள்.

பழைய மூங்கில் பாடையைத்தான் செப்பனுக்குக் கொடுத்தாள். நாலு முனை, நாலு ஆள். திரையில் அது மாறிக்கொண்டே வந்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலையில் சக்கரம் வந்தது, மூன்று ஆள் ஆயிற்று. அப்புறம் இரண்டு. அடியில் படி இறங்கும் பட்டைச் சக்கரம் முளைத்ததும் ஒன்று. செப்பன் அங்கே நிற்கவில்லை. ‘ஆள்: 0. தொடரலாமா?’ என்று கேட்டது. துளசிமணி சட்டென்று நிறுத்தினாள். 

மூங்கில் இரும்பாகி, இரும்பு அலுமினியமான பிறகும், நாலு முனைகள் மட்டும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றன. முதல் துணையைச் செய்து முடித்ததும் தரணிதரன் அந்த முனைகளைத் தொட்டுப் பார்த்தான்.

“இது எதுக்குங்கக்கா?”

“எதுக்கும் இல்ல. பழசுல இருந்துச்சு. எடுத்தா வேற எங்கயாவது பலம் கொறயுதுன்னு விட்டிருக்கும். நமக்கு வால் எலும்பு இருக்கற மாதிரி.”

அவள் தன் பங்குக்கு ஒன்றே ஒன்று சேர்த்தாள். சிவப்புக் கைப்பிடி போட்ட ஒரு லாக் பின். படியில் ஏதாவது கோளாறு என்றால் அதை உருவிவிடலாம், பட்டைச் சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிடும். மேல்தட்டை மட்டும் கழற்றித் தூக்கி அடியில் ரிப்பேர் பார்க்கலாம். தட்டின் நாலு மூலையிலும் எடையையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளும் சென்சார்கள். ஊரில் நடப்பதெல்லாம் செப்பனுக்கு வந்து சேரும், அதை வைத்து அது மேலும் திருத்தும்.

முதல் ஓட்டத்துக்கான அழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. தரணிதரன்தான் பேசினான்.

“அக்கா, துணை இன்னைக்கு மொத தடவை போகுதுங்க. உங்க பில்டிங்தானாம். மூணாவது மாடி. பக்கத்துலதானே, ஒரு எட்டுப் பாத்துருங்க.”

அவள் இருப்பது இரண்டாவது மாடி. மூன்றாவது மாடியில் குடியிருந்தது ஒருவர்தான். ஃபோனை வைத்தாளா இல்லையா என்று அவளுக்கு நினைவில்லை. செருப்புக்கூடப் போடாமல் படியேறினாள்.

வெள்ளிங்கிரியைத் தட்டில் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்தி, நெற்றியில் காசு ஒட்டியிருந்தது. மெலிந்து பாதியாகியிருந்தார். டிரைவர் அமானுல்லா, நாற்பது வயதுக்காரர், கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றார். அறையில் வேறு யாரும் இல்லை. டீப்பாய் மேல் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த ஃபோனில் கனடாவிலிருந்து மகன் தெரிந்தான். அங்கே அப்போது இருட்டு.

“துளசியத்தைங்களா?” என்றான். அழுது முகம் வீங்கியிருந்தது. “எனக்கு டிக்கெட் கெடைக்கலீங்கத்தை. நாலு பேரு வந்திருக்காங்களா? அப்பாவுக்கு நாலு பேரு வந்திருக்காங்களாங்கத்தை?”

துளசிமணி அறையைப் பார்த்தாள். சுவரோரம் ஒரே ஒரு நாற்காலி இருந்தது, இழுத்து இழுத்துத் தரையில் கோடு விழுந்திருந்தது.

“வர்றாங்க கண்ணு” என்றாள்.

அமானுல்லா பொத்தானை அழுத்தினார். துணை நகர்ந்தது. அவள் செய்ததிலேயே மிக நல்ல பொருள் அதுதான். படியில் ஒரு குலுக்கல் இல்லை, தட்டு சாயவே இல்லை. சத்தமும் இல்லை. சத்தம் வரக் கூடாது என்று அவள்தான் அத்தனை மெனக்கெட்டிருந்தாள். கனகராசுவை இறக்கியபோது எவ்வளவு கூச்சல்! ‘தலைப் பக்கம் தூக்கு’, ‘செவுத்தைப் பாத்து’, ‘மெதுவா, மெதுவா’. அந்தக் கூச்சலைக் கேட்டுத்தான் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. இப்போது எல்லாக் கதவும் சாத்தியே இருந்தது.

“நல்லா எறங்குதுங்க மேடம்” என்றார் அமானுல்லா. “நீங்க தள்ளியே நில்லுங்க. ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல.”

ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. தினம் காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்ற மனுஷரிடம் அவள் சொல்லாமல் சொன்னதும் அதைத்தான்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில், தன் வீட்டு வாசலுக்கு நேரே, குனிந்து சிவப்புக் கைப்பிடியைப் பிடித்து உருவினாள். துணை நின்றது. லாக் பின்னைச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டாள்.

அமானுல்லா பொத்தானை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு அவள் இடுப்பைப் பார்த்தார்.

“பழுதாயிருச்சுங்க” என்றாள் துளசிமணி.

அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். “ஆமாங்க மேடம்” என்றார் பிறகு. “தூக்கித்தான் எறக்கோணும்.”

எதிர் வீட்டு மணியை அடித்தாள். வருடக்கணக்கில் எதிர் எதிரே இருந்தும் அந்த வீட்டில் யார் என்று அவளுக்குத் தெரியாது. கதவுக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் ஆண் குரல் வந்தது.

“மெஷின் ரிப்பேருன்னா கம்பெனிக்கு ஃபோன் பண்ணுங்க.”

“கம்பெனியே நான்தானுங்க.” அவள் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தாள். “ஒரு கை புடிங்க தம்பி.”

உள்ளே சத்தமில்லை. சரி, அவ்வளவுதான் என்று அவள் திரும்பும்போது தாழ்ப்பாள் விலகியது. முப்பது வயதுப் பையன், அரைக்கால் டவுசர், கையில் காப்பிக் கோப்பை. வெளியே என்ன என்று பார்ப்பதற்கு முன்பே அந்தக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டிருந்தான். பெயர் ஸ்டீபன் என்றான்.

முதல் மாடிக்கும் இறங்கிப் போய் மணியடித்தாள். ஒரு பெண் கதவைத் திறந்தாள். பூங்கொடி. நெடுநெடுவென்று உயரம், கண்ணாடி போட்டிருந்தாள். எதுவும் கேட்காமல் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தாள்.

ஸ்டீபன் தயங்கினான். “ஆன்ட்டி, லேடீஸ் தூக்கறதுன்னா… உங்க வழக்கத்துல கூடாதில்லீங்களா?”

“இந்த மனுசரு என்ற ஊட்டுக்காரரை எத்தனையோ நாள் தூக்குனவருங்க தம்பி” என்றாள் துளசிமணி. “என் மூலையை நான் புடிச்சுக்கறேன்.”

அமானுல்லா மேல்தட்டைக் கழற்றினார். எதற்கும் உதவாது என்று அதில் நீட்டிக்கொண்டிருந்த நாலு முனைகளும் நாலு தோளுக்கு வந்தன. துளசிமணி குள்ளம், அவள் பக்கம் தட்டு தாழ்ந்தது. தலை வழுக்காமல் இருக்க அமானுல்லா முட்டியை மடித்து நடந்தார். அலுமினிய விளிம்பு தோளில் வெட்டியது. யாருக்கும் பழக்கமில்லை. “செவுத்தைப் பாத்து”, “இருங்க இருங்க, கால் மாத்திக்கறேன்”, “ஸ்டீபன், கொஞ்சம் எறக்குங்க.” சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. கதவுகள் திறந்தன. கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்து கேட்டைத் திறந்து பிடித்தார்.

“இவரு யாருங்க?” என்று பூங்கொடி மூச்சு வாங்கியபடி கேட்டாள்.

“மேல இருந்தாருங்க. கண்டக்டரா இருந்தவரு. வெள்ளிங்கிரின்னு பேரு.”

“மேல ஆளு இருந்ததே எனக்குத் தெரியாதுங்க.”

வண்டிக்குள் தட்டை வைத்தார்கள். அமானுல்லா கதவைச் சாத்தினார். துளசிமணி வண்டியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“போலாம், ரைட்” என்றாள். அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. கேட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பூங்கொடி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே லாக் பின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ‘பழுது. வாகனம் நகரவில்லை. ஆள்: 4’ என்று பதிவாயிற்று. காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டாள். தரணிதரனும் தோண்டிக் கேட்கவில்லை. அவள் தோளில் நீலம் பாரித்து ஒரு கோடு விழுந்திருந்தது, நாலைந்து நாள் வலித்தது. வலி போனபோது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

துணை ஊர் ஊராகப் போயிற்று. மழைக்காலம் முடிந்த சமயம், தரணிதரன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வந்தான்.

“அக்கா, அந்த லாக் பின் சப்ளையர் மோசம்போல. எல்லா ஊர்லயும் தொலையுது. ஈரோட்டுல, தாராபுரத்துல, சேலத்துல. பாதி வழியில பின் காணோங்கறாங்க, தூக்கித்தான் எறக்குனோம்ங்கறாங்க. சாயங்காலமானா அவங்களே கெடச்சிருச்சுன்னும் சொல்றாங்க. ஒண்ணும் புரியல.”

துளசிமணி மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினாள்.

“உருவ முடியாத மாதிரி வெல்டு வெச்சரலாம்னு பாத்தேன். அதுக்குள்ள செப்பன் ஒரு திருத்தம் அனுப்பிருக்குது. நீங்களே பாருங்க, பைத்தியம் புடிச்ச மாதிரி இருக்குது.”

திரையில் துணை சுழன்றது. நீட்டிக்கொண்டிருந்த நாலு முனைகளும் வளைந்து, தோளில் உட்காரும்படி குழிந்து, மேலே மெத்தென்று ரப்பர் போர்த்தியிருந்தன. எடை கூடியிருந்தது, விலை கூடியிருந்தது. ஆள் என்ற இடத்தில் நாலு என்று சிவப்பில் நின்றது. பொருள் எப்படிக் கையாளப்படுகிறதோ அதற்கேற்பத் திருத்து என்பதும் அதற்குக் கொடுத்திருந்த கட்டளைதான்.

“இன்னொண்ணு பாத்தீங்களா?” என்றான் தரணிதரன். “ஒரு மூலை மட்டும் தாழ்த்தி வெச்சிருக்குது. சென்சார் கணக்கு அப்படித்தான் வருதாம். உங்க பில்டிங்ல ஓடுன மொத நாளே அப்படித்தான், அதுக்கப்பறம் எல்லா ஊர்லயும் ஒரு மூலை கீழயேதான் இருக்குதாம். எங்கயோ தப்பு. நாலையும் சமமா வைக்கச் சொல்லட்டுங்களா?”

துளசிமணி தாழ்ந்திருந்த அந்த நாலாவது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரோட்டில் அந்த மூலையை யார் பிடித்திருப்பார்கள்? தாராபுரத்தில்? குள்ளமாக ஒருத்தி, கேட்டோடு நிற்க வேண்டியவள், நிற்காமல் போனவள். அவர்களில் ஒருத்தியைக்கூட அவளுக்குத் தெரியாது, இனியும் தெரியப் போவதில்லை.

“வேண்டாம்” என்றாள். “அது சரியாத்தான் இருக்குது.”

அன்று வீட்டுக்குப் போனதும் கொஞ்ச நேரம் ஸ்பேனரோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு முதல் மாடிக்கு இறங்கிப் பூங்கொடி வீட்டுக் கதவைத் தட்டினாள்.  அந்த வார்த்தையைச் சொல்வதற்கு இன்னும் கூச்சமாகத்தான் இருந்தது.

“வீட்டுல ஒரு பழைய தூக்கி கெடக்குதுங்க. ஒரு ஆஸ்பத்திரிக்குக் குடுத்தரலாம்னு பாக்கறேன். கீழ எறக்கோணும். ஒரு கை புடிக்கறீங்களா?”

பூங்கொடி மேலே வந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து தூக்கியை இழுத்துப் பார்த்தாள். “எங்க பாட்டிக்கும் இதுதானுங்க வெச்சிருந்தோம். அடியில சக்கரம் இருக்குமே? ஒருத்தரே தள்ளிட்டுப் போயிரலாமேங்க.”

“கழண்டுருச்சுங்க” என்றாள் துளசிமணி.

பூங்கொடியின் பார்வை ஜன்னல் பக்கம் போயிற்று. கழற்றிய நாலு சக்கரங்களும் ஜன்னல் கட்டையில் வரிசையாக இருந்தன, பக்கத்திலேயே ஸ்பேனர். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு துப்பட்டாவை இழுத்து இடுப்பில் கட்டினாள்.

“எந்தப் பக்கம் புடிக்கட்டுங்கக்கா?” என்று கேட்டாள்.